தூக்கத்தில் நிற்கும் மூச்சு: யாரைச் சோதிப்பது, எப்படிச் சோதிப்பது?

2013 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை காலை. பொகீப்சியிலிருந்து நியூயார்க் நகரை நோக்கி வந்துகொண்டிருந்த மெட்ரோ நார்த் ரயில், ஸ்பைட்டன் டைவில் என்ற இடத்து வளைவில் தடம்புரண்டது. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய வளைவுக்குள் அது ஏறத்தாழ 132 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்திருந்தது. நால்வர் இறந்தனர், அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்றும், அவருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் கடுமையான நோய் இருந்ததை அதுவரை யாரும் கண்டறியவில்லை என்றும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்னது. பிற்பகல் பணியிலிருந்து அதிகாலைப் பணிக்கு அவர் சமீபத்தில்தான் மாறியிருந்தார். அந்த மாற்றம் நோயின் விளைவை இன்னும் மோசமாக்கியது.

அவர் மருத்துவரையே பார்க்காதவர் அல்ல. உடல் பருமன் உட்பட நோய்க்கான அடையாளங்கள் பலவும் அவரிடம் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தன. ஆனால் தூக்கத்தைப் பற்றி யாரும் அவரைக் கேட்டு ஆராயவில்லை. ‘ஸ்லீப் ஆப்னியா’ என்று பரவலாக அழைக்கப்படும் இந்த உறக்க மூச்சடைப்பு நோய்க்கு எல்லோரையும் முன்பரிசோதனை செய்ய வேண்டுமா, சிலரை மட்டுமா, எதைக் கொண்டு செய்வது என்ற விவாதம் மருத்துவ உலகில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அந்த விவாதத்தின் இரு பக்கங்களையும் எடைபோட்டுப் பார்த்து, இன்றைய சான்றுகளை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூச்சு ஏன் நிற்கிறது

தொண்டையின் பின்பகுதியில் மூச்சு போகும் வழிக்கு எலும்புச் சட்டகம் கிடையாது. சுற்றியுள்ள தசைகள்தாம் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கும்போது அந்தத் தசைகள் தளர்கின்றன. கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும், தாடை பின்தள்ளியவர்களுக்கும், டான்சில் பெருத்த குழந்தைகளுக்கும் வழி ஏற்கெனவே குறுகலாக இருக்கும். காகித ஸ்ட்ராவில் கெட்டியான பானத்தை வேகமாக உறிஞ்சினால் அதன் சுவர்கள் உள்வாங்கி ஒட்டிக்கொள்கின்றன அல்லவா, அதுபோல் மூச்சை இழுக்கும் வேகத்திலேயே வழி மூடிக்கொள்கிறது. நெஞ்சும் வயிறும் போராடும்; காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை இறுக்கும். திணறலோடு மூச்சு திரும்பும். தூங்குபவருக்கு இது எதுவுமே நினைவில் இருக்காது.

இப்படிப் பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதையும் கணிசமாகக் குறைவதையும் எண்ணி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை என்று கணக்கிடுகிறார்கள். 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-ஐத் தாண்டினால் கடுமையானது. கடுமையான நோயாளி ஓர் இரவில் இருநூறு முறைக்கு மேல் திணறியிருப்பார். காலையில் தலைவலி, நாளெல்லாம் அசதி, உட்கார்ந்த இடத்தில் கண் சொருகல், கட்டுக்கு வராத ரத்த அழுத்தம் என்று அதன் அடையாளங்கள் பகலில் வெளிப்படும். ஆனால் அவற்றைத் தூக்கத்தோடு யாரும் முடிச்சுப்போடுவதில்லை.

மருத்துவத்துக்கு இந்த நோய் புதியது. 1965-இல்தான் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள் தூக்கத்தில் மூச்சு நிற்பதைக் கருவிகளால் பதிவு செய்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கில்லெமினோவும் சகாக்களும் 1970-களில் இதைத் தனி நோயாக வரையறுத்தார்கள். அப்போது கடுமையான நோயாளிகளுக்கு இருந்த உறுதியான வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்கு நேரடி வழி செய்வதுதான். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன், மூக்கின் வழியே தொடர் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் ‘சிபாப்’ முறையை ஐந்து நோயாளிகளிடம் செய்து காட்டினார். எளிய சிகிச்சை கிடைத்த பிறகே, நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு அர்த்தம் உண்டானது.

எத்தனை பேருக்கு?

1993-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில அரசு ஊழியர்களிடையே டெரி யங் குழுவினர் நடத்திய ஆய்வுதான் முதல் பெரிய கணக்கு. 30 முதல் 60 வயதுவரை உள்ளோரில், மணிக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ மூச்சுத் தடைபட்டவர்கள் ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். பகல் தூக்கமும் சேர்ந்து தொல்லைப்பட்டவர்கள் முறையே 4, 2 சதவீதம்தான். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவில் நோய் தெரிவது வேறு, நோயால் அவதிப்படுவது வேறு.

2015-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 40 வயதைத் தாண்டியவர்களிடையே நடந்த ஆய்வில், நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கும் பெண்களில் 23 சதவீதத்தினருக்கும் இருந்தது. கால் நூற்றாண்டுக்குள் நோய் இத்தனை பெருகிவிடவில்லை. மக்களின் வயதும் எடையும் கூடியது உண்மை. அதைவிட, மூச்சோட்டத்தை அளக்கும் கருவிகள் நுட்பமாகிவிட்டன, எதை மூச்சுக்குறைவாக எண்ணுவது என்ற வரையறையும் தளர்ந்துவிட்டது. வரையறையை மாற்றினாலே நோயாளிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒரு நோயில், ஊர் முழுவதையும் சோதிக்கப் புறப்படும் முன் இருமுறை யோசிக்கத்தான் வேண்டும்.

இந்தியாவில் மும்பை, தில்லி ஆய்வுகள் வழிகாட்டின. ஜரீர் உத்வாடியா குழுவினர் 2004-இல் மும்பையின் 35 முதல் 65 வயதுவரையுள்ள ஆண்களில் 7.5 சதவீதத்தினருக்கு அறிகுறிகளோடு கூடிய நோய் இருப்பதாகக் கண்டனர். பல இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் எய்ம்ஸ் ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு, உழைக்கும் வயதிலுள்ள இந்தியர்களில் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்கிறது. தமிழர்களும் வாழும் சிங்கப்பூரில் நடந்த ஆய்வொன்றில், நடுத்தரமோ கடுமையோ ஆன நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதுவரை கண்டறியப்படாதவர்கள்.

கேள்வித்தாளின் பலமும் பலவீனமும்

உறுதியான சோதனை, இரவு முழுவதும் மருத்துவமனையில் தங்கிச் செய்யும் ‘ஸ்லீப் ஸ்டடி’. மூளை அலை, கண்ணசைவு, தாடைத் தசை, இதயத்துடிப்பு, மூக்கின் காற்றோட்டம், நெஞ்சு வயிற்றின் அசைவு, விரல்நுனியில் ஆக்சிஜன் அளவு எல்லாம் பதிவாகும். பணமும் படுக்கையும் பயிற்சி பெற்ற பணியாளரும் தேவைப்படும் இந்தச் சோதனையைக் கோடிக்கணக்கானவர்களுக்குச் செய்ய முடியாது. ஆகவே, யாரை அங்கே அனுப்புவது என்று முதலில் பிரித்தெடுக்கக் கேள்வித்தாள்கள் வந்தன.

1991-இல் மெல்பர்னில் முர்ரே ஜான்ஸ் உருவாக்கிய எப்வர்த் அளவுகோல், டிவி பார்க்கும்போது, சாப்பிட்டபின் உட்கார்ந்திருக்கும்போது என எட்டுச் சூழல்களில் கண் அயர்வீர்களா என்று கேட்கிறது. மொத்த மதிப்பெண் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் மிகுதி. ஆனால் கடுமையான மூச்சடைப்பு உள்ளவர்களிலேயே பலர் ‘எனக்குத் தூக்கமே வருவதில்லை’ என்பார்கள். பல ஆண்டு அசதி அவர்களுக்கு இயல்பாகிவிட்டது. எனவே தூக்க மிகுதியை அளக்க இது உதவும். மூச்சடைப்பைக் கண்டுபிடிக்க இதை மட்டும் நம்ப முடியாது.

2008-இல் டொராண்டோவின் மயக்கவியல் மருத்துவர் ஃபிரான்சிஸ் சுங் குழுவினர் தந்த ‘ஸ்டாப் பேங்’ இன்று அதிகம் புழங்குகிறது. குறட்டை உண்டா, பகலில் அசதியா, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம் உண்டா என்பவை முதல் நான்கு. உடல் நிறை எண் 35-க்கு மேலா, வயது 50-க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா என்பவை அடுத்த நான்கு. மூன்று ‘ஆம்’ வந்தால் சந்தேகம். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் வலுவான சந்தேகம். ஓர் அளவுநாடா போதும், இரண்டே நிமிடத்தில் முடியும்.

இதன் எல்லையையும் கணக்கால் பார்த்துவிடலாம். அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களிடம் நடந்த மூல ஆய்வில், நடுத்தரமும் அதற்கு மேலும் ஆன நோயாளிகளில் 93 சதவீதத்தினரை இது பிடித்தது. அந்த அளவு நோய் இல்லாதவர்களில் 43 சதவீதத்தினரை மட்டுமே சரியாக விடுவித்தது. ஆயிரம் பேர் உள்ள ஓர் ஊரில் நூறு பேருக்கு இந்த நோய் என்று வைத்துக்கொள்வோம். கேள்வித்தாள் 93 நோயாளிகளைப் பிடிக்கும். கூடவே நோய் இல்லாத 513 பேரையும் பிடிக்கும். மொத்தம் 606 பேர் ஸ்லீப் ஸ்டடிக்கு வரிசையில் நிற்பார்கள். அதே கேள்வித்தாளை ஆயிரத்தில் ஐந்நூறு பேருக்கு நோய் இருக்கக்கூடிய ஒரு சிகிச்சைப் பிரிவில் பயன்படுத்தினால், 465 நோயாளிகளுடன் 285 பேர்தான் வீணாக வருவார்கள். ஆகவே அதை எங்கே பயன்படுத்துகிறோம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. கேள்வித்தாளை மட்டும் வைத்து நோய் உண்டு, இல்லை என்று முடிவு செய்யக் கூடாது என அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017-இல் தெளிவாகச் சொன்னதும் இதனால்தான்.

நம் உடலுக்கு ஏற்ற அளவுகள்

35 என்ற உடல் நிறை எண் வட அமெரிக்க உடல்களை வைத்து எடுத்த வரம்பு. இந்தியர்களுக்கு 25-லேயே உடல் பருமன் தொடங்குவதாக இந்திய மருத்துவ வழிகாட்டுதல்கள் கொள்கின்றன. ஆசியர்களில் பலருக்கு முக எலும்பின் அமைப்பாலேயே தொண்டை வழி குறுகலாக இருப்பதால், குறைந்த எடையிலும் மூச்சடைப்பு வருகிறது. ஒல்லியாக இருக்கிறாரே, இவருக்கு எப்படி வரும் என்று நம் மருத்துவமனைகளில் ஒருவரை ஒதுக்குவது ஆபத்து. வரம்பை 27.5 அல்லது 30-க்கு இறக்கிப் பயன்படுத்தும் ஆசிய ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அதுவே நமக்குப் பொருந்தும்.

பெண்கள் நிலை இன்னும் கவலைக்குரியது. ஆணாக இருந்தால் ஒரு மதிப்பெண் தரும் கேள்வித்தாள், பெண்ணைத் தொடக்கத்திலேயே ஒரு படி பின்னே நிறுத்துகிறது. பெண்கள் பலர் சத்தமான குறட்டையோடு வருவதில்லை. தூக்கம் வரவில்லை, உடம்பு வலிக்கிறது, தலை வலிக்கிறது, மனம் சோர்ந்திருக்கிறது என்று வருகிறார்கள். மனச்சோர்வுக்கோ ரத்தசோகைக்கோ மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறோம். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு ஆபத்து ஏறத்தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு குடும்ப மருத்துவரும் நினைவில் வைக்க வேண்டும். மூச்சு நின்றதைப் பார்த்துச் சொல்ல அருகில் ஆள் வேண்டும் என்பதும் ஒரு சிக்கல். கணவனை இழந்தவர், விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர், இரவுப் பணி முடித்துத் தனியே பகலில் தூங்குபவர் ஆகியோரின் குறட்டைக்குச் சாட்சி இல்லை.

எல்லோரையும் சோதிக்கலாமா?

அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2017-இலும் மறுபடி 2022-இலும் இந்தக் கேள்வியை ஆராய்ந்தது. அறிகுறி இல்லாத, அல்லது அறிகுறியை உணராத பெரியவர்கள் எல்லோரையும் சோதிப்பதால் நன்மை அதிகமா தீமை அதிகமா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே இருமுறையும் அதன் முடிவு. சோதிக்காதீர்கள் என்று அது சொல்லவில்லை. குறட்டையும் அசதியுமாக வருபவரைச் சோதிப்பதும் அந்த முடிவுக்குள் அடங்காது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு, கேட்காமலிருப்பதற்கே ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

சான்று போதவில்லை என்பதற்கு முக்கியமான காரணம், சிகிச்சை உயிரைக் காக்கிறதா என்ற கேள்வியில் கிடைத்த ஏமாற்றம். இந்தியாவும் பங்கேற்ற ‘சேவ்’ ஆய்வில், ஏற்கெனவே இதயநோயோ மூளை ரத்தநாள நோயோ இருந்த 2,717 பேரை சராசரியாக 3.7 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். சிபாப் பெற்றவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் இறப்பும் குறையவில்லை என 2016-இல் முடிவு வந்தது. ஆனால் அவர்கள் அந்தக் கருவியை இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே அணிந்திருந்தார்கள். பகலில் மிகுதியாகத் தூங்கி விழுபவர்கள் ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. அப்படியிருந்தும் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன.

இந்த முடிவை நேர்மையாகவே ஏற்க வேண்டும். மாரடைப்பைத் தடுப்போம் என்று சொல்லி, எந்தத் தொல்லையும் இல்லாத ஒருவரை அழைத்து, லேசான மூச்சுத்தடை இருப்பதாகச் சொல்லி, வாழ்நாள் முழுக்க முகமூடி மாட்டச் சொல்வதற்கு இன்று அறிவியல் ஆதாரம் இல்லை. அவர் மனதில் நோயாளி என்ற அச்சத்தையும் குடும்பத்தின் மேல் செலவையும் ஏற்றுவது நன்மையாகாது.

கட்டாயம் கேட்க வேண்டிய இடங்கள்

ஆனால் ஊரையெல்லாம் சோதிப்பதற்கும் யாரையுமே கேட்காமல் விடுவதற்கும் நடுவில் பெரிய வெளி இருக்கிறது. நான் வலியுறுத்துவது அந்த நடுவழியைத்தான்: நோய் அதிகம் இருக்கும் இடத்தில், கண்டறிந்தால் உடனே பயன் கிடைக்கும் இடத்தில், தவறாமல் கேட்க வேண்டும்.

முதல் இடம் ரத்த அழுத்த சிகிச்சைப் பிரிவு. மூன்று மருந்து கொடுத்தும் அழுத்தம் இறங்காதவர், சிகிச்சைக்குப் பின்னும் திரும்பத் திரும்ப ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் இதயத்துடிப்புக் கோளாறு வருபவர் ஆகியோரிடம் மூச்சடைப்பைத் தேட வேண்டும் என்று அமெரிக்க இதயக் கழகம் 2021-இல் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் இறங்காதவர் வீட்டில், அவர் குறட்டை விடுகிறாரா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று குடும்பத்தாரிடம் கேட்பதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

இரண்டாம் இடம் அறுவை அரங்கின் வாசல். மயக்க மருந்தும் வலிநிவாரண ஓபியாய்டுகளும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். கண்டறியப்படாத நோயாளி அறுவைக்குப் பின் வார்டில் மூச்சு முட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. முன்கூட்டித் தெரிந்தால் மருந்தின் அளவை மாற்றலாம், தலையை உயர்த்திப் படுக்க வைக்கலாம், ஆக்சிஜனை இரவெல்லாம் கவனிக்கலாம். அறுவைக்கு முன் இரண்டு நிமிடக் கேள்வி கேட்காமல் விடுவதற்கு நியாயமே இல்லை.

மூன்றாம் இடம் குழந்தைகள். எல்லாக் குழந்தைகளிடமும் குறட்டை பற்றி விசாரிக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-இல் கூறியது. வாயைத் திறந்து தூங்கி, வியர்த்து, புரண்டு, பகலில் துறுதுறுவென அலைந்து, பாடத்தில் கவனம் இல்லாத பிள்ளைக்கு மூக்கின் பின்புறச் சதையான அடினாய்டும் டான்சிலும் பெருத்திருக்கலாம். அவற்றை அகற்றினால் பலருக்கு நோய் தீர்கிறது. அடங்காத பிள்ளை என்று அடி வாங்கும் குழந்தையின் இரவு மூச்சைப் பெற்றோர் ஒருமுறை உட்கார்ந்து கவனிக்க வேண்டும்.

நான்காம் இடம் ஓட்டுநர் இருக்கை. இங்கே ஒருவரின் நோய் மற்றவர்களின் உயிரைத் தொடுகிறது. அமெரிக்கச் சரக்கு வாகன நிறுவனம் ஒன்றின் ஓட்டுநர்களை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த முடிவு தெளிவானது: மூச்சடைப்பு இருந்தும் சிகிச்சையை ஏற்காத ஓட்டுநர்கள், நோயற்றவர்களைவிட ஐந்து மடங்கு அதிகமாக, தவிர்த்திருக்கக்கூடிய பெரிய விபத்துகளில் சிக்கினார்கள். சிகிச்சையைக் கடைப்பிடித்தவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் ஓட்டுநர் உரிம விதிகளில் இந்நோயைச் சேர்த்தது. அமெரிக்காவில் ரயில், லாரி ஓட்டுநர்களுக்கு விதி கொண்டுவர 2016-இல் தொடங்கிய முயற்சி அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது.

விதி இருந்தாலும் போதாது. 2016 செப்டம்பரில் நியூஜெர்சியின் ஹோபோக்கன் நிலையத்தில் ரயில் தடுப்பை மோதி உள்ளே புகுந்து ஒருவர் இறந்தார்; நூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அங்கேயும் ஓட்டுநருக்குக் கண்டறியப்படாத கடுமையான மூச்சடைப்பு. ரயில் நிறுவனத்திடம் சோதனை வழிகாட்டுதல் ஏற்கெனவே இருந்தது. அதைப் பின்பற்றவில்லை என்று விசாரணை வாரியம் குற்றம் சாட்டியது.

இந்தியாவில் 2014-இல் வெளியான நிபுணர் வழிகாட்டுதல், சாலை, ரயில், விமான ஓட்டுநர்களையும் கனரக இயந்திரப் பணியாளர்களையும் பரிசோதிக்கும் மருத்துவர்கள் இந்நோயை அறிந்து முழுமையாக ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. நெடுஞ்சாலையில் இரவு லாரியும் ஆம்னி பஸ்ஸும் ஓட்டுபவர்களின் தகுதிச் சான்றிதழில் கண், காது, கை கால், வலிப்பு பார்ப்பதோடு கழுத்தளவும் எடையும் ரத்த அழுத்தமும் சேர வேண்டும். இவை அளவுகள், ஓட்டுநர் மறைக்க முடியாதவை. வேலை போய்விடும் என்ற பயத்தில் அவர் அறிகுறிகளை மறைப்பது இயல்பு. சிகிச்சை எடுத்தால் வேலை நிலைக்கும், சோதனைக் காலத்தில் கூலி கிடைக்கும் என்ற எழுத்துப்பூர்வ உறுதி இல்லாமல் நடத்தும் ஓட்டுநர் முகாம், நோயாளிகளைத் தலைமறைவாக்கவே உதவும்.

வீட்டுக்கு வரும் சோதனை

மூக்கில் குழாய், நெஞ்சில் பட்டை, விரலில் ஆக்சிஜன் கருவி ஆகியவற்றை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே தூங்கும் சோதனை இப்போது பரவியிருக்கிறது. சந்தேகம் வலுவாக உள்ள, வேறு பெரிய நோய் இல்லாதவர்களுக்கு இது போதும். 2024-இல் சாம்சங், ஆப்பிள் கைக்கடிகாரங்களின் மூச்சடைப்பு எச்சரிக்கைக்கும் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி தந்தது. எச்சரிக்கை வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று நிம்மதி அடையக் கூடாது. விரல் ஆக்சிஜன் கருவிகள் கருநிறத் தோலில் உண்மையைவிடக் கூடுதல் அளவைக் காட்டக்கூடும் என்பதை அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை வைத்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்காட்டியது. நம் மக்களின் தோலில் சரிபார்க்கப்பட்ட கருவிகளைக் கேட்டு வாங்குவது நம் மருத்துவமனைகளின் கடமை.

கண்டறிந்த பிறகு

1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் வகுத்த முன்பரிசோதனை நெறிகளில் ஒன்று, கண்டறியப்பட்டவருக்கு ஏற்கத்தக்க சிகிச்சையும் அதற்கான வசதியும் இருக்க வேண்டும் என்பது. நம்மிடம் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். இலவச முகாமில் கழுத்தை அளந்து, சந்தேகம் என்று துண்டுச்சீட்டு கொடுத்து அனுப்பினால், அடுத்த படிக்கு அவர் தன் கைப்பணத்தைத் தேட வேண்டியிருக்கிறது. சிபாப் வாங்கியவருக்கும் முகமூடி சரியாகப் பொருந்தவில்லை, மூக்கு வறள்கிறது, மின்சாரம் போகிறது என்று முதல் வாரங்களில் ஆயிரம் இடர்ப்பாடு. அந்த வாரங்களில் போன் செய்து விசாரிக்க ஒருவர் இருந்தால் கருவி பயன்படும்; இல்லையேல் பரணுக்குப் போய்விடும்.

எல்லோருக்கும் சிபாப்தான் என்பதும் இல்லை. எடைக் குறைப்பு, பக்கவாட்டில் படுத்தல், மதுவையும் தூக்க மாத்திரையையும் விலக்குதல், கீழ்த்தாடையை முன்னிழுக்கும் பல்சாதனம் ஆகியவை லேசான நோய்க்குப் பெரிதும் உதவும். உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான நோயும் உள்ளவர்களுக்கு டிர்செபடைடு ஊசிமருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. இந்நோய்க்கென அங்கீகரிக்கப்பட்ட முதல் மருந்து அது. சிகிச்சைகள் பெருகப் பெருக, முன்பரிசோதனைக்கான நியாயமும் வலுக்கும். பணிக்குழுக்களின் முடிவும் மாறக்கூடும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் நம் கையில் உள்ளன. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வீட்டுச் சோதனைக் கருவிகளும், அவற்றைப் படித்துச் சொல்லப் பயிற்சி பெற்ற மருத்துவரும், சிபாப் பயன்படுத்துவோரைத் தொடர்ந்து விசாரிக்கும் செவிலியரும் முதலில் வேண்டும். சிபாப் கருவி அரசு மருத்துவக் காப்பீட்டின் வழியே கிடைக்க வேண்டும். அதன் பிறகு கட்டுக்கு வராத ரத்த அழுத்தம் உள்ளவர், அறுவைக்குக் காத்திருப்பவர், குறட்டை விடும் குழந்தை, இரவு வண்டி ஓட்டுபவர் என்ற வரிசையில் கேள்விகளைத் தொடங்கலாம். இந்த நால்வரும் ஏற்கெனவே நம் மருத்துவர்கள் முன் வந்து உட்காருகிறார்கள். அவர்களிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்க இன்னொரு ஆய்வின் முடிவு வரவேண்டியதில்லை.